கடலின் நிறத்தை விசாரித்த கணக்கு அதிகாரி

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் தேனி மாவட்டத்தில் இல்லை. தேநீர்க் கடை முதல் உச்சநீதிமன்றம் வரை அந்த அணை பேசப்பட்டுவிட்டது. ஆனால், நீருக்குள் மூழ்கியிருக்கும் அதன் சுவரைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் வலிமையை ஆராய, 2010-இல் உச்சநீதிமன்றம் ஐவர் குழு ஒன்றை அமைத்தது. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அக்குழுவுக்காக நடத்தப்பட்ட ஆய்வுகளுள், தொலைவிலிருந்து இயக்கப்படும் கேமராக் கருவியை நீருக்குள் இறக்கிச் சுவரைப் படம் பிடித்ததும் ஒன்று. 2012-இல் குழு தன் அறிக்கையை அளித்தது. 2014 மே 7 அன்று, 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்ற தீர்ப்பு வந்தது.

நீருக்கடியில் எடுக்கப்படும் படம் ஒன்றில் தெரியும் கறுப்புக் கோடு விரிசலா, பாசியா, வெறும் நிழலா? இந்த ஒரு கேள்விக்கான விடையில் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லும், ஐந்து மாவட்டங்களின் குடிநீரும், மலைக்கு அப்பால் ஆற்றோரம் வாழும் மக்களின் நிம்மதியும் அடங்கியிருக்கின்றன. மங்கலான படத்தை அவரவர் அச்சத்துக்கும் ஆசைக்கும் ஏற்பப் படித்துக்கொள்ள முடியும். தெளிவான படத்தில் அந்த வசதி குறைவு.

நான் பொருளியல் படித்தவன், இயற்பியலாளன் அல்லன். ஆனால், நீருக்கடியில் எடுத்த படங்களைத் தெளிவாக்கும் இன்றைய நுட்பங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, நூறாண்டுகளுக்கு முன் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழரிடமே மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்தேன். அவர் சர் சி.வி. ராமன். அவர் தம் பணி வாழ்வை இயற்பியல் பேராசிரியராகத் தொடங்கவில்லை. நிதித்துறை அதிகாரியாகத் தொடங்கினார் என்பது என் போன்றோருக்குக் கூடுதல் ஈர்ப்பு.

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் பணி கிடைக்க, குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. காவிரிக் கரையில் பிறந்த குழந்தை, கடற்கரை ஊரில் வளர்ந்தது. பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய அந்தச் சிறுவன், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தான். 1904-இல் இளங்கலைத் தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றான்.

அக்கல்லூரிப் பேராசிரியர் ஜோன்ஸ், இந்த மாணவனை வகுப்பறைக்குள் கட்டிப்போடாமல் ஆய்வுக்கூடத்தில் தன் விருப்பப்படி உழல விட்டார். அதன் பலன் 1906-இல் தெரிந்தது. செவ்வகத் துளை வழியே ஒளி செல்லும்போது தோன்றும் சமச்சீரற்ற பட்டைகள் குறித்து ராமன் எழுதிய கட்டுரை, லண்டனிலிருந்து வெளிவந்த பிலசாபிகல் மேகசின் இதழில் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நாற்பதாண்டுகள் கல்லூரி நடைமுறைகளுக்குள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: திறமையான மாணவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் ஓர் ஆசிரியப் பணிதான், வருகைப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை.

அக்காலத்தில் அறிவியலையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பிய இந்தியருக்கு இங்கிலாந்து செல்வதே வழி. ராமனின் மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். எனவே, நிதித்துறைப் பணிக்கான அகில இந்தியத் தேர்வை எழுதினார், அதிலும் முதலிடம். 1907 மே மாதம் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அதே ஆண்டின் நடுவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா சென்றார். நல்ல ஊதியம், நிலையான பணி, சமூக மதிப்பு. ஒரு நடுத்தரக் குடும்பம் வேறென்ன கேட்கும்?

கல்கத்தாவில் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. அது, மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆய்வு செய்யத்தான் ஆளில்லை. அந்தக் கதவு ராமனுக்குத் திறந்தது. அதன்பின் பத்தாண்டுகள், பகலில் அரசுக் கணக்கு, அதிகாலையிலும் மாலைக்குப் பிறகும் ஆய்வுக்கூடம் என்று அவர் வாழ்ந்தார். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல்கள் வந்தன. 1911-இல் மீண்டும் கல்கத்தா. வயலின், வீணை, மிருதங்கம், தபலா ஆகியவற்றின் ஒலியதிர்வுகளே அக்காலத்தில் அவருடைய முதன்மையான ஆய்வுப்பொருள்.

1917-இல், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, பாலித் பேராசிரியர் பதவிக்காக அரசுப் பணியைத் துறந்தார். ஊதியத்தில் பெரும் இழப்பு. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்றொரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் மற்றொன்றின் மதிப்பே அது. ராமன் கைவிட்டது நிதித்துறையின் உச்சப் பதவிகளுக்குச் செல்லக்கூடிய பாதை. கணக்குப் போடத் தெரியாமல் அவர் அதைக் கைவிடவில்லை. கணக்கே அவர் தொழில். எதை வரவு வைப்பது என்பதில்தான் அவர் பிறரிடமிருந்து வேறுபட்டார்.

1921-இல் ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பேரரசுப் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்காக அவர் முதன்முறையாகக் கடல் கடந்தார். லண்டன் புனித பால் தேவாலயத்தின் மாடத்தில் கிசுகிசுப்புகூட வட்டம் சுற்றி வந்து கேட்பதைக் கண்டு, அங்கேயே அதை ஆராயத் தொடங்கினார். எங்குப் போனாலும் சும்மா இருக்கத் தெரியாதவர். நர்குண்டா என்ற கப்பலில் தாயகம் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது.

கடல் ஏன் நீலம்? ராலே பிரபு அதற்கு ஏற்கெனவே விடை சொல்லியிருந்தார். வானத்தின் நீலத்துக்குக் காற்று மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலே காரணம் என்று நிறுவிய மேதை அவர். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது அவர் கருத்து. அவ்வளவு பெரிய பெயருக்கு எதிராகக் கேள்வி எழுப்ப ராமனிடம் இருந்தவை, சட்டைப் பையில் அடங்கும் நிறமாலைமானி போன்ற சில சிறு கருவிகளே. அவற்றுள் ஒன்று நிக்கல் பட்டகம். நிக்கல் என்பது இங்கு உலோகமன்று. அதை உருவாக்கியவரின் பெயர்.

அப்பட்டகத்தின் பணியை எளிதாகச் சொல்லலாம். ஒளி அலைகள் பல திசைகளில் அதிர்பவை. நீர்ப்பரப்பில் பட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தெறிக்கும் ஒளி மட்டும் ஒரே திசையில் அதிரும். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். நிக்கல் பட்டகத்தைத் தக்கபடி திருப்பினால், பரப்பிலிருந்து தெறிக்கும் அந்த ஒளி முழுதும் அணைந்துவிடும்; நீரின் உள்ளிருந்து வருவது மட்டும் கண்ணை வந்தடையும். ராலே சொன்னது சரியென்றால், வானத்தின் எதிரொளிப்பை நீக்கியதும் கடலின் நீலம் மறைய வேண்டும். மறையவில்லை, முன்னிலும் செறிவாகத் தெரிந்தது. கடல் தன் நீலத்தை வானத்திடம் கடன் வாங்கவில்லை.

பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் நேச்சர் இதழுக்கு அவர் எழுதிய குறிப்பு அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. 1922-இல் ராயல் சொசைட்டியின் இதழில் விரிவான கட்டுரை வந்தது. நீர் மூலக்கூறுகளின் இடைவிடாத அசைவால் நீரின் அடர்த்தி நுண்ணளவில் மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிவப்பைவிட நீலம் மிகுதியாகச் சிதறுகிறது. ஐன்ஸ்டீனும் ஸ்மோலுசௌஸ்கியும் வகுத்த கோட்பாட்டை நீருக்குப் பொருத்தி ராமன் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இதனுடன், நீர் சிவப்பு ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கடலின் நிறம் விளங்கும். சிவப்பு நீருக்குள் தீர்ந்துபோகிறது. நீலம் சிதறித் திரும்பி வருகிறது.

நீருக்கடியில் எடுக்கும் படம் ஏன் கெடுகிறது என்பதற்கான விடையும் இதுவே. முதல் கேடு, நிறம் போவது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு வெகுவாகக் குறைந்துவிடும். முத்துக்குளிப்பவரின் விரலில் காயம் பட்டால் ஆழத்தில் அந்தக் குருதி கருமையாகவோ பச்சையாகவோ தெரியும். இரண்டாவது கேடு, திரை விழுவது. பொருளைச் சென்றடையாத ஒளியும் நீரிலும் அதில் மிதக்கும் துகள்களிலும் பட்டுத் திரும்பிக் கேமராவுக்குள் நுழைகிறது. மூன்றாவது கேடு, பொருளிலிருந்து வரும் ஒளியும் வழியில் சற்றே விலகுவதால் விளிம்புகள் கலங்குவது.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மழைக்காலத்தில் காரில் ஏறியவர்களுக்கு இரண்டாவது கேட்டை விளக்க வேண்டியதில்லை. மூடுபனிக்குள் முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டால் பாதை தெரியாது. வெள்ளைச் சுவர்தான் எழும். விளக்கைத் தாழ்த்தினால் பாதை தெரியும். நீருக்கடியில் படம் எடுப்பவர்களும் இதையே செய்கிறார்கள். விளக்கைக் கேமராவுக்கு அருகில் வைக்காமல், கை போல் நீளும் தண்டுகளில் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துகிறார்கள். கேமராவுக்கு முன்னால் உள்ள நீர் அப்போது குறைவாகவே ஒளிர்கிறது.

எடுத்த பிறகு படத்தைத் திருத்துவது அடுத்த கட்டம். குறைந்துபோன சிவப்பைக் கணினியில் கூட்டுவதும், ஒளி இருள் வேறுபாட்டை விரிப்பதும் எளிய வழிகள். ஆனால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் சிவப்பைக் கூட்டினால், அருகில் உள்ளவை மிகையாகச் சிவக்கும். தொலைவில் உள்ளவை மங்கியே கிடக்கும். ஏனெனில் ஒளி இழப்பு தூரத்தைப் பொறுத்தது. தூரத்தை அறியாமல் செய்யும் திருத்தம் அரைகுறையானது.

2004-ஆம் ஆண்டையொட்டி இஸ்ரேலின் டெக்னியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கேமராவின் முன் முனைவாக்க வடிகட்டியை வைத்து, அதை இருவேறு கோணங்களில் திருப்பி ஒரே காட்சியை இருமுறை எடுப்பது. நீர்த்திரையின் ஒளி ஓரளவு முனைவாக்கம் உற்றது. எனவே இரு படங்களிலும் திரையின் அடர்த்தி மாறும். பொருளின் ஒளி பெரிதாக மாறாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து திரையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். தூரமும் கூடவே கிடைக்கும். வடிகட்டியைத் திருப்பி, வேண்டாத ஒளியைப் பிரித்தறிவது! நர்குண்டா கப்பலில் ராமன் கையில் இருந்த பட்டகம் நினைவுக்கு வராமல் இருக்குமா? 2019-இல் தெர்யா அக்காய்னாக், தாலி திரெய்பிட்ஸ் ஆகிய இரு பெண் அறிவியலாளர்கள் சீ-த்ரூ என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரே காட்சியைப் பல இடங்களிலிருந்து எடுத்து ஒவ்வொரு புள்ளியின் தூரத்தையும் கண்டறிந்து, நீர் விழுங்கிய ஒளியையும் நீர் சேர்த்த ஒளியையும் தனித்தனியே கணக்கிட்டுச் சரிசெய்யும் முறை அது. பவளப் பாறைகள், தண்ணீரே இல்லாத இடத்தில் எடுத்தவை போல் தெரிகின்றன.

மறுபடியும் ராமனிடம் வருவோம். கடலின் நிறத்தில் தொடங்கிய கேள்வியை அவர் விடவில்லை. ஒரு தலைமுறை இளைஞர்களையே அதில் இறக்கினார். 1923-இல் கே.ஆர். ராமநாதன் நீரில் சிதறிய ஒளியை ஆராய்ந்தபோது, உள்ளே செலுத்திய நிறத்துக்குத் தொடர்பில்லாத மங்கிய நிறம் ஒன்று எட்டிப் பார்த்தது. நீரில் மாசு இருக்கலாம் என்று மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார்கள். அந்த நிறம் போகவில்லை. தொந்தரவு என்று ஒதுக்கக்கூடியதை ஐந்தாண்டுகள் துரத்தி, கே.எஸ். கிருஷ்ணனின் துணையுடன், 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் அதை உறுதி செய்தார். சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறுடன் ஆற்றலைக் கொண்டும் கொடுத்தும் தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது. கோடி ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒன்றுக்கு நேரும் மாற்றம் அது. 1930-இல் நோபல் பரிசு வந்தது. ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய பரிசு உரையும் கடலின் நிறத்திலிருந்தே தொடங்குகிறது.

அந்த விளைவு கடலுக்குள்ளும் நிகழ்கிறது. சூரியனின் சிவப்பு எட்டாத ஆழத்திலும் மங்கலான செந்நிற ஒளி சிறிது காணப்படுகிறது. மேலிருந்து வரும் நீல, பச்சை ஒளியில் ஒரு பகுதி, நீர் மூலக்கூறுகளில் ராமன் சிதறலுக்கு உள்ளாகி நிறம் மாறுவது அதற்கு ஒரு காரணம். கடலிடம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை, கடலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

எங்கள் பகுதிக்கு இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கே.எஸ். கிருஷ்ணன் 1898-இல் பிறந்த வத்திராயிருப்பு, வருசநாட்டு மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றவர். பின்னாளில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். கண்டுபிடிப்பில் அவருக்குரிய பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்று கருதுவோர் உண்டு. கிருஷ்ணன் அதற்காகக் கொடி பிடித்தவர் அல்லர். குமுளியைத் தாண்டினால் பீர்மேடு. அங்கு ஏலத்தோட்டக் குடும்பத்தில் 1918-இல் பிறந்த அன்னா மாணி, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளியியலை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னர் இந்திய வானிலைக் கருவியியலின் முன்னோடியாக அவர் உயர்ந்தார். போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு ஏலம் வரும் மலையிலிருந்து அப்படி ஓர் அறிவியலாளரும் வந்திருக்கிறார்.

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைக் குறைகளைத் துடைத்துவிட்டு எழுதுவது நம் வழக்கம். அது, படத்தில் நிழல்களை எல்லாம் அழிப்பதற்கு ஒப்பானது. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்ற ராமன், கமலா பாகவத் என்ற மாணவியைப் பெண் என்பதால் முதலில் சேர்க்க மறுத்தார். அவர் விடாது போராடியதால், தகுதிகாண் நிபந்தனையுடன் இடம் கொடுத்தார். அந்த மாணவிதான் பிற்காலத்தில் உயிர்வேதியியலில் புகழ்பெற்ற கமலா சோஹனி. அவருடைய உழைப்பைக் கண்டபின் ராமன் பிற பெண்களையும் சேர்த்துக்கொண்டார். நிர்வாகத்தில் அவர் பிடிவாதக்காரர். உடன் பணியாற்றியோருடன் மோதல்கள் முற்றி, 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். பேராசிரியராக 1948 வரை நீடித்தார்.

பிறகு தாமே ஒரு நிறுவனத்தை எழுப்பினார். 1948-இல் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு நன்கொடைகளைத் தேடி அலைந்தார். அரசு மானியத்தை ஏற்றால் ஆய்வின் சுதந்திரம் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. 1943-லேயே தம் மாணவர் ஒருவருடன் சேர்ந்து, தீப்பெட்டித் தொழிலுக்குத் தேவையான பொட்டாசியம் குளோரேட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றையும் திருவிதாங்கூரின் பெயரில் தொடங்கியிருந்தார். கணக்கு அதிகாரி அவருக்குள் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இங்கு நான் ராமனிடமிருந்து மாறுபடுகிறேன். கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்கு 1921-இல் எந்த வணிகரும் முதலீடு செய்திருக்க மாட்டார். அதன் பயன் நூறாண்டுகளுக்குப் பின், முன்பின் அறியாத மக்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத, எவரையும் விலக்க முடியாத இத்தகைய அறிவைப் பொருளியல் பொதுப்பண்டம் என்கிறது. பொதுப்பண்டத்தைச் சந்தையும் தனியார் கொடையும் போதிய அளவு தராது; அரசுதான் தாங்க வேண்டும். ஆனால் தாங்குபவர் கட்டளையிடத் தொடங்கினால் கேள்வி செத்துவிடும் என்ற ராமனின் அச்சத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. பணம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அரசே அறிவியலுக்கு ஏற்ற அரசு.

முதுமையிலும் ராமன் வண்ணங்களை விடவில்லை. மலர்களின் நிறங்களை ஆராய்ந்தார். கண் எவ்வாறு நிறத்தைக் காண்கிறது என்று எண்பது வயதை நெருங்கும்போது நூல் எழுதினார். 1954-இல் பாரத ரத்னா பெற்றவர். 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அவருடைய உடல் நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் நினைவு மண்டபம் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

தேவதானப்பட்டியில், எங்கள் ஊருக்கு மேலே 57 அடி மஞ்சளாறு அணை இருக்கிறது. கொடைக்கானல் மலையில் தலையாறு அருவியாக விழும் நீரே அங்கு வந்து தேங்குகிறது. கோடையில் அந்நீர் பாசியால் பச்சை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் செம்மண் கலந்து பழுப்பு. மத்தியதரைக் கடலின் நீலம் இங்கு இல்லை. துகள்கள் பெரியவை என்பதால், எல்லா நிறங்களையும் அவை ஏறக்குறைய ஒன்றுபோல் சிதறடிக்கின்றன. திரை பால்போல் வெளுக்கிறது. தெளிந்த கடலுக்காக உருவான திருத்த முறைகளை அப்படியே எடுத்து நம் அணைகளின் நீரில் பொருத்திவிட முடியாது என்பதை இது உணர்த்துகிறது. மிகக் கலங்கிய நீரில் கேமராவைவிட ஒலியலைக் கருவியே பயன்படும். எந்த நீர், எந்தப் பருவம், எவ்வளவு தூரம் என்பதை அறிந்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்னும் பின்னும் அவற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது. நீருக்கு மேலே தெரியும் பகுதியைப் பார்ப்பது எளிது. நீருக்குக் கீழே இருப்பதையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் படம் எடுத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத்தக்க ஆவணமாகச் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு படம் விரிசலைக் காட்டலாம். அது வளர்கிறதா என்பதை வரிசையான படங்களே காட்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஆழ்கடலில் 5,000 மீட்டருக்கும் கீழே இயங்கும் கருவியையே உருவாக்கிச் சோதித்திருக்கிறது. அந்தத் திறனில் ஒரு பங்கு நம் அணைகளுக்கும் வர வேண்டும்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டு எந்த மங்கலான படத்தையும் பளிச்சென்று மாற்றிவிடலாம். அவற்றுள் சில செயலிகள் ஒளியின் பாதையைக் கணக்கிடுவதில்லை. முன்பு பார்த்த இலட்சக்கணக்கான படங்களைக் கொண்டு, இங்கு இது இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்துவிடுகின்றன. சுற்றுலாப் படத்துக்கு அது போதும். அணையின் சுவருக்கு அது ஆபத்து. இருக்கும் விரிசலைக் கறை என்று எண்ணி அது மெழுகிவிடலாம். இல்லாத கோட்டை வரைந்தும் வைக்கலாம். இரு மாநிலங்கள் நம்பிக்கையின்றி எதிரெதிரே நிற்கும் ஒரு வழக்கில் அப்படிப்பட்ட படம் ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே, அணைகளின் நீரடிப் படங்களுக்குச் சில விதிகள் தேவை. திருத்தாத மூலப் படம் கட்டாயம் பாதுகாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் நிற அட்டையும் தெரிய வேண்டும். நீரின் கலங்கல் எவ்வளவு, விளக்கு எங்கே இருந்தது, தூரம் எவ்வளவு என்பவை பதிவாக வேண்டும். என்ன திருத்தம் செய்யப்பட்டது என்பதை, வேறொருவர் அதே படியைத் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். இரு மாநிலங்களின் பொறியாளர்களும் ஒருங்கே இருந்து எடுத்து, இரு மொழிகளிலும் விளக்கத்துடன் மக்கள் முன் வைக்க வேண்டும். இதற்காகும் செலவு, இரு தரப்பும் இத்தனை ஆண்டுகளாக வழக்காடுவதில் செலவிட்ட பொருளோடும் உழைப்போடும் ஒப்பிடத்தக்கதே அன்று.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் ராமனின் படத்துக்கு மாலையிட்டு, கோலப் போட்டி நடத்தி, இனிப்பு வழங்கிக் கலைகிறோம். ஒரு சிறிய முனைவாக்க வடிகட்டியை மாணவர் கையில் கொடுத்து, அருகிலுள்ள கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போய், நீர்ப்பரப்பின் பளபளப்பு அணைந்து உள்ளிருப்பது தெரியும் அந்தக் கணத்தைக் காட்டலாமே! பெரிய செலவில்லை. மேலே தெரிவது எது, உள்ளே இருப்பது எது என்று பிரித்தறியும் பழக்கம் அங்குத் தொடங்கும். அப்பழக்கம் உள்ள ஒரு தலைமுறைதான், அணையைப் பற்றி அச்சமும் ஆவேசமுமின்றிப் பேசவும் முடிவெடுக்கவும் தகுதி பெறும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), தேவதானப்பட்டி.